ஸ்னோபோர்டு கற்கத் தொடங்கப் போகிறேன். முதல் ஜாக்கெட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தடிமனான ஜாக்கெட்டைத் தேடாதீர்கள். பனிமலை என்றதும் குளிர்தான் நினைவுக்கு வருகிறது. நானும் முதலில் உள்ளே குளிர் தாங்கும் பஞ்சு போன்ற அடைப்பு நிறைய வைத்த கனமான ஒன்றைத்தான் வாங்கினேன். கற்கும் நாட்களில் விழுவதும் எழுவதுமாகவே பொழுது போகும். அரை மணி நேரத்தில் வியர்வையில் நனைந்துவிட்டேன். பிறகு சேர்லிஃப்டில், அதாவது மலைமேல் ஏற்றிச் செல்லும் தொங்கு நாற்காலியில், அசையாமல் உட்கார்ந்தபோது, அந்த ஈரம்தான் என்னை நடுங்க வைத்தது.

குளிரை ஜாக்கெட்டுக்கு உள்ளே போடும் உடைகள் பார்த்துக்கொள்ளட்டும்: உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன்மேல் ஃபிளீஸ் எனும் மென்மையான, கதகதப்பான மேலாடை. பருத்தி வேண்டவே வேண்டாம். ஈரத்தை உறிஞ்சினால் எளிதில் காயாது. காற்றையும் நீரையும் தடுத்து, வியர்வை ஆவியை வெளியே விடுவதுதான் ஜாக்கெட்டின் வேலை. அதற்கு அடைப்பே இல்லாததோ, மெல்லிய அடைப்புள்ளதோ போதும்.

ஜாக்கெட்டின் சீட்டில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், எத்தனை மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்பது. அடுத்தது, ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது. இரண்டும் 10,000 இருந்தால் வாங்கலாம். ஈரப்பனி பெய்யும் இடமென்றால் 15,000க்கு மேல் பாருங்கள். 5,000 மழைத்தூறலுக்குச் சரி. ஆனால் பனியில் விழுந்து கிடக்கும்போது நம் எடையே நீரைத் துணிக்குள் அழுத்தும். துணி எவ்வளவு நல்லதானாலும் ஊசித்துளை வழியே நீர் இறங்கும் என்பதால், தையல்களின் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

அக்குளில் ஜிப் இல்லாத ஜாக்கெட்டை நான் இனி வாங்கவே மாட்டேன். சரிவில் இறங்கும் முன் திறந்து, லிஃப்டில் ஏறும்போது மூடிக்கொள்ளலாம். இடுப்பைச் சுற்றி உள்ளே எலாஸ்டிக் பட்டை இருந்தால், விழும்போது பனி முதுகுக்குள் ஏறாது.

ஃபிளீஸ் அணிந்துகொண்டே போட்டுப் பாருங்கள். பைண்டிங்கை (காலணியைப் பலகையோடு பிணைக்கும் பிடியை) மாட்டுவதுபோலக் குனியும்போது முதுகு தெரிந்தால் அது குட்டை.

பணம் குறைவாக இருந்தால் ஜாக்கெட்டில் மிச்சம் பிடித்து, நல்ல நீர்புகாத பேன்ட் வாங்குங்கள். முதல் சில நாட்கள் பனியில் உட்கார்ந்தும் மண்டியிட்டும்தான் இருப்பீர்கள்.