கொத்தனார் கணக்கு

ஐயா,

கணினியில் ஓவியம் வரைகிறேன். மூன்று படங்களை என்எஃப்டியாக, அதாவது உரிமையாளர் யார் என்று இணையப் பதிவேட்டில் குறிக்கும் டிஜிட்டல் சான்றாக, விற்றேன். படம் கைமாறும் ஒவ்வொரு முறையும் பத்து சதவீதம் வரும் என்றார்கள். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றுவிட்டார், எனக்கு ஒன்றும் வரவில்லை. வேறு எந்தத் தளத்துக்கு மாறலாம்? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. வீடு கைமாறும்போது கொத்தனார் பங்கு கேட்பதில்லையே?

அன்புள்ள தம்பி,

தளம் மாறி என்ன ஆகப்போகிறது? பிளாக்செயின் என்னும் அந்தப் பதிவேட்டில் எழுதிவைக்கும் ராயல்டி பெரும்பாலும் வெறும் குறிப்புதான். கொடுப்பது சந்தை நடத்துபவர் மனசு. என்எஃப்டி சந்தைகளில் பெரிய பெயரான ஓபன்சீயே 2023இல் அதை விற்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. சரி, அது கிடக்கட்டும்.

எனக்குக் கோபம் அந்தக் கொத்தனார் மேல்தான். வாங்கி விற்பவர்கள் சொல்லும் கதையை ஓவியரே சொல்லலாமா? வீட்டின் விலை இடத்தால் ஏறுகிறது. அதே கொத்தனார் பிறகு நூறு வீடு கட்டினாலும் பழைய வீட்டின் விலை அசையாது. உங்கள் பழைய படம் ஏன் விலை ஏறியது? அதற்குப் பிறகு ராப்பகலாக உட்கார்ந்து நீங்கள் வரைந்த படங்களால். இன்றைய உழைப்பு என்றோ விற்ற படத்தில் போய்ச் சேர்கிறது, அதன் பலன் வைத்திருப்பவருக்கு. நாவலாசிரியருக்குப் பிரதிக்குப் பிரதி ராயல்டி உண்டு. ஓவியரிடம் இருப்பதே ஒரு பிரதி.

படம் மறுபடி விற்கும்போது ஓவியருக்கும் பங்கு உண்டு என்று பிரான்ஸ் 1920லேயே சட்டம் போட்டது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில், வேண்டாம் என்று ஓவியரே எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமை போகாது. உங்களைப் போல் கூச்சப்படுபவர்களை நினைத்துத்தான் அப்படி எழுதினார்களோ என்னவோ.

ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர் கிளிஃபோர்ட் பாஸம் 1977இல் வரைந்த 'வார்லுகுலாங்' ஓவியத்தை ஒரு வங்கி 1,200 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது. 2007 ஏலத்தில் அது 24 லட்சம் டாலருக்குப் போனது. அவர் 2002இலேயே இறந்துவிட்டார். மறுவிற்பனையில் ஐந்து சதவீதம் தரும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது 2010இல்.

என் நண்பர் ஒருவரும் ஓவியர்தான். ஏலப் பட்டியல் ஒன்றில் தன் பழைய படத்தைப் பார்த்தார். அதன் வலது மூலையில் விரலை வைத்து, "இங்க நீலம் தீர்ந்துபோச்சு. வாங்கக் காசில்ல. அதான் பச்சையில முடிச்சேன்" என்றார். அந்தப் பச்சையைப் புகழ்ந்து பட்டியலில் ஒரு பத்தியே இருந்தது. அந்த விற்பனையில் அவருக்கு ஒன்றும் வரவில்லை. அவரும் கேட்கவில்லை, கூச்சம்.

அந்தத் தளத்துக்கு இன்றே எழுதிக் கேளுங்கள் தம்பி. கொத்தனாரைப் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.