ரசனைக்கு இனி என்ன வேலை? – கேள்வி பதில்

மயிலாப்பூரில் ஒரு வாடகை நூல் நிலையத்துக்குப் பல வருஷமாகப் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவள் நான். ஏஐ வந்த பிறகு தேர்வு, ரசனை இதற்கெல்லாம் என்ன மதிப்பு என்று பலர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா நகரிலிருந்து ஒரு ஐடி ஊழியர்: அக்கா, நல்ல தமிழ் நாவல் பத்து சொல் என்றால் ஏஐ நொடியில் சொல்லிவிடுகிறது. அப்புறம் தேர்ந்தெடுக்க ஆள் எதற்கு?

அந்தப் பத்தைக் கொஞ்சம் பாருங்கள் தம்பி. எந்த நாவலைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்களோ அதுதான் திரும்பத் திரும்ப வரும். அது படித்ததெல்லாம் கணினிக்குள் வந்த எழுத்து. தமிழில் ஏராளமான பழைய நூல்கள் இன்னும் உள்ளே வரவே இல்லை. வந்திருந்தாலும், யாரும் ஒரு வரிகூட எழுதாத நல்ல புத்தகம் அதன் பட்டியலில் ஏறுவது கஷ்டம்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பாருங்கள். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையும் சேர்த்து வைத்தார். அவர் காலமானது 1992இல். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று தரமணியில் அவர் பெயரிலேயே இருக்கும் நூலகத்துக்கு ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். இதற்கு மதிப்பு உண்டு என்று ஊர் சொல்வதற்கு முன்பே ஒரு தனி மனிதர் முடிவெடுத்து, சொந்தப் பணத்தை அதில் போட்டார். ரசனை என்று நான் மதிப்பது இந்தத் துணிவைத்தான்.

தி. நகரிலிருந்து, பட்டுப்புடவை வடிவமைக்கும் ஒருவர்: ஏஐயிடம் கேட்டால் நாற்பது டிசைன் தருகிறது. வாடிக்கையாளர் எல்லாமே நன்றாக இருக்கிறது என்கிறார். எனக்கு எதற்குக் கூலி?

நாற்பதில் முப்பத்தேழை ஒதுக்குவதற்குத்தான்.

படத்தில் அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையும் பளிச்சென்று இருக்கும். அதை நெய்ய முடியுமா என்று அந்தப் படம் சொல்லாது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து பூட்டும் கோர்வைப் புடவையில், குறுக்கிழையைக் கொண்டு ஓடும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் இரண்டு என்று மூன்று ஓட வேண்டும். வழக்கமாகப் பக்கத்தில் கைகொடுக்க இன்னொரு ஆளும் வேண்டும். உடலும் கரையும் பூட்டிக்கொள்ளும் இடத்தில் ஒவ்வொரு இழையிலும் உழைப்பு இருக்கிறது. அந்தக் கரையில் எந்தக் கோலம் நிற்கும், எது நெருக்கியடித்துக்கொள்ளும் என்பது தறியைப் பார்த்த உங்களுக்குத்தான் தெரியும். மடிப்பு வைத்துக் கட்டும்போது முந்தியில் எவ்வளவு வெளியே தெரியும், மண்டப வெளிச்சத்தில் ஜரிகை நிறத்தை அமுக்கிவிடுமா என்பதும் அப்படித்தான்.

வாடிக்கையாளருக்கு நாற்பதையும் காட்டாதீர்கள். மூன்றைக் காட்டி, ஏன் இந்த மூன்று என்று சொல்லுங்கள். மற்றவை ஏன் வேண்டாம் என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருங்கள். அந்தப் பதிலுக்குத்தான் உங்கள் கூலி.

பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ரசனையை வளர்த்துக்கொள்வது எப்படி அக்கா?

ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளம்மா. மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. மோகன ராகம் பிடிக்குமென்றால், யார் பாடினாலும் போய் உட்கார். ஒருவர் எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயிக்குப் போவார், இன்னொருவர் காந்தார ஸ்வரத்தில் நின்று நிதானிப்பார். எது உன்னைப் பிடித்து இழுத்தது, எங்கே உன் கவனம் சிதறியது என்று வீட்டுக்கு வந்ததும் இரண்டு வரி எழுது. 'நல்லா இருந்துச்சு' என்று மட்டும் எழுதாதே. காரணம் சொல்லப் பழகினால் காது தானாகக் கூர்மையாகும்.

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்: ரசனை ரசனை என்று சொல்லித்தானே கானாவையும் பறையையும் இத்தனை காலம் மேடைக்கு வெளியே நிறுத்தினார்கள்?

உண்மை. ரசனையின் பேரில் சாதியும் வர்க்கமும் வாசலில் காவல் நின்றிருக்கின்றன. அதனால் தேர்வே வேண்டாம் என்று விட்டுவிட்டால், எண்ணிக்கை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்ணிக்கைக்கு நியாயம் கிடையாது. தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வேறு ஆட்கள் வர வேண்டும். 2020இல் சென்னையில் 'மார்கழியில் மக்களிசை' என்ற இசை விழா தொடங்கியபோது நடந்தது அதுதான். அதே மார்கழியில் கானாவும் பறையும் ஒப்பாரியும் மேடை ஏறின. யாரோ பட்டியல் போட்டு, இவர்களை அழைப்போம் என்று முடிவெடுத்ததால் நடந்தது. அதுவும் ரசனைதான் ஐயா. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

நங்கநல்லூரிலிருந்து ஒருவர்: நீங்கள் ஏஐ பயன்படுத்துவதே இல்லையா?

பயன்படுத்துகிறேன். அட்டவணை போட, ஒரு நூலின் பதிப்புகளைத் தேட வசதி. தேடிக் கொடுத்ததை நான் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வேன். வாங்கலாமா வேண்டாமா என்பதை மட்டும் அதனிடம் விடுவதில்லை. முழுதாகப் படிக்காத புத்தகத்தைச் சிபாரிசு செய்வதும் இல்லை.

வேளச்சேரியிலிருந்து ஒரு மாணவர்: நாளடைவில் என் ரசனையையே அது கற்றுக்கொள்ளாதா?

நேற்று வரை உங்களுக்குப் பிடித்தது என்ன என்று கற்றுக்கொள்ளும். உங்களைப் போலவே தேர்ந்தெடுத்த மற்றவர்கள் அடுத்து எதை எடுத்தார்கள் என்று பார்த்து நீட்டும். பல நாள் அது சரியாகவும் இருக்கும். ஆனால் குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோவை யோசியுங்கள். பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடிக்குள் சுமார் நானூறு பாடல். பாடியவர் யாரென்று தெரியாத பாடலையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள். அதனால்தான் பாட்டில் வரும் தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார் என்று இன்று சொல்கிறோம். பெயரும் புகழும் இல்லாத அந்தப் பாடல்களுக்காகப் பேச, அந்த வரிகளைத் தவிர வேறொன்றும் கிடையாது. படித்த ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது.

தாம்பரத்திலிருந்து ஓர் அம்மா: என் பெண்ணுக்கு ராத்திரி ராத்திரி ஏஐ புதுக் கதை சொல்கிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். கூடவே, லீவு நாளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள், குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அலமாரியிலிருந்து அவளே எடுக்கட்டும். நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். நாலு பக்கம் புரட்டிவிட்டு வேண்டாம் என்று வைத்தால், ஏன் வேண்டாம் என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்கிற காரணம் எதுவானாலும் திருத்தாதீர்கள்.