துணையா, போட்டியா? பிரைவசி காயின்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பதை மறைக்கும் மொனேரோ, ஸீகேஷ் மாதிரியான பிரைவசி காயின்கள் பிட்காயினுக்குத் துணையாக இருக்க வேண்டுமா, போட்டி போட்டு அதன் இடத்தைப் பிடிக்க வேண்டுமா? நீங்கள் எந்தப் பக்கம்?

பதில்: துணைதான். ஆனால் தனிச் சங்கிலியாக, அதாவது பரிவர்த்தனைகளைப் பதியும் தனிப் பதிவேடாக, தன் காலில் நிற்கிற துணையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

என் வீட்டுக் கணினியில் பிட்காயினின் முழு நோட் ஒன்று, அதாவது எல்லாப் பரிவர்த்தனைகளையும் தானே சரிபார்க்கும் நிரல், ஓடுகிறது. ஒரு கட்டளை கொடுத்தால் போதும், இந்த நிமிடம் வரை செலவாகாமல் இருக்கும் காயின்களை எல்லாம் கூட்டி மொத்தத்தைச் சொல்லிவிடும். 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது என்பதை யார் பேச்சையும் நம்பி நான் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு தொகையும் எல்லோர் கண்ணுக்கும் தெரிவதால்தான் இது முடிகிறது.

சிக்கலும் அங்கேயேதான் இருக்கிறது. ஒருமுறை நான் செய்து கொடுத்த வேலைக்கு ஒருவர் பிட்காயினில் பணம் அனுப்பினார். வந்துவிட்டதா என்று பார்க்கப் போனால், எனக்கு வந்த தொகைக்குப் பக்கத்திலேயே அவருக்குத் திரும்பிப் போன மீதியும் இருந்தது. கணிசமான தொகை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. சம்பளம் கொடுக்கிறவர், கடன் கொடுத்தவர், மணமுறிவு வழக்கில் எதிரே நிற்பவர் என்று யார் வேண்டுமானாலும் இப்படிப் பார்க்கலாம். அதுவும் என்றைக்கும் அழியாது. 2010 மே 22 அன்று 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கிய பரிவர்த்தனையை இன்றைக்கும் யாரும் எடுத்துப் பார்க்கலாம். 2008இல் வந்த மூலக் கட்டுரையிலேயே பிட்காயினை உருவாக்கிய சடோஷி இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி (அதாவது புது முகவரி) பயன்படுத்துங்கள், அப்படியும் பல இடத்துக் காயின்களைச் சேர்த்து அனுப்பும்போது அவை ஒரே ஆளுடையவை என்பது வெளிப்பட்டுவிடும் என்று.

2014இல் வந்த மொனேரோ இதை வேரிலிருந்தே மாற்றியது. அனுப்புகிறவரின் உண்மையான காயினோடு வேறு 15 பழைய காயின்கள் கலந்து வரும். எது உண்மை என்று வெளியாட்கள் பிரித்துப் பார்ப்பது கடினம். பெறுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் புது முகவரி தானாகவே உருவாகிறது. 2017இலிருந்து தொகையும் மறைகிறது.

சரி, இவ்வளவு நல்லதென்றால் பிட்காயினை ஓரங்கட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். ஸீகேஷில் நடந்ததைப் பாருங்கள். 2018 மார்ச்சில் அங்கே வேலை பார்த்த ஏரியல் கபிஸோன் என்ற கணித வல்லுநர் அதன் குறியாக்கத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். அது தெரிந்தவர் கள்ளக் காயின்களை வரம்பில்லாமல் உருவாக்கியிருக்கலாம். சத்தமில்லாமல் அந்த ஆண்டு அக்டோபரில் சரிசெய்து, 2019 பிப்ரவரியில்தான் வெளியே சொன்னார்கள். யாரும் அதைப் பயன்படுத்தியதற்குத் தடயம் இல்லை. ஆனால் தொகைகள் மறைந்திருக்கும் இடத்தில் உள்ளே எட்டிப் பார்த்துக் கூட்டிச் சரிபார்க்க முடியாது. மறைவான பகுதிக்குள் போன மொத்தத்தைவிட அதிகமாக வெளியே வர விடாத ஒரு தடுப்பைத்தான் வைக்க முடிந்தது.

அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன். மொத்தத்தை யாரும் எண்ணிப் பார்க்கக்கூடிய நாணயம் ஒன்று. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று யாரும் பார்க்க முடியாத நாணயம் ஒன்று. இந்த இரண்டு குணத்தையும் ஒன்றில் முழுதாகக் கொண்டுவர இன்றுவரை யாராலும் முடியவில்லை.

கேள்வி: பிட்காயினிலேயே அந்தரங்க வசதியைச் சேர்த்துவிட்டால் தனி நாணயம் எதற்கு?

பதில்: முதலில் முயன்றது அதைத்தான். 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீரோகாயின் என்ற திட்டத்தை பிட்காயினுக்கான கூடுதல் வசதியாகத்தான் முன்வைத்தார்கள். பிட்காயின் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த யோசனை வளர்ந்து, 2016 அக்டோபரில் ஸீகேஷ் என்ற தனி நாணயமாக வந்தது. துணைக்கு வந்தவர்கள் கதவு திறக்காததால் தனிக்குடித்தனம் போன கதை இது.

போனதால் நல்லதும் நடந்தது. ரகசியத்தைக் காட்டாமலே அது உண்மை என்று நிரூபிக்கும் கணித முறையைப் பொதுமக்கள் பயன்படுத்தும் அளவுக்கு முதலில் ஓட்டிக் காட்டியது ஸீகேஷ். அந்த வகை நிரூபணங்களை இன்று எத்தீரியம் என்ற இன்னொரு சங்கிலியின் மேல் ஓடும் இரண்டாம் அடுக்கு வலைப்பின்னல்கள் வேகத்துக்காகப் பயன்படுத்துகின்றன. எதிர்த் திசையிலும் இதே கதைதான். 2017இல், மறைத்த தொகை செல்லுபடியாகும் என்று சுருக்கமாக நிரூபிக்கும் புல்லட்புரூஃப்ஸ் என்ற முறையை எழுதியவர்களில் பீட்டர் வுய்லே, கிரெகரி மேக்ஸ்வெல் போன்ற பிட்காயின் ஆட்கள் இருந்தார்கள். அதை 2018 அக்டோபரில் எடுத்துக்கொண்டது மொனேரோ. பரிவர்த்தனையின் அளவு சுமார் 80 சதவீதம் குறைந்தது, கட்டணமும் கூடவே இறங்கியது. சமூக வலைத்தளங்களில் இரண்டு தரப்பும் வசைமாரி பொழிந்துகொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளும் பொத்தானாக அந்தரங்கத்தை வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்து பேரில் ஒருவர் மட்டும் மறைத்தால், அந்த ஒருவர்தான் கண்ணில் படுவார். எல்லோரும் மறைத்தால்தான் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். ஸீகேஷிலேயே வெளிப்படையான முகவரி, மறைவான முகவரி என இரண்டு வகை உண்டு; பல ஆண்டுகளுக்குப் பெரும்பாலானோர் வெளிப்படையானதைத்தான் பயன்படுத்தினார்கள். மொனேரோவில் அந்தத் தேர்வே இல்லாதது அதன் பெரிய பலம்.

அப்புறம் பிட்காயினைப் போன்ற இன்னொரு நாணயமான லைட்காயின். 2022 மே மாதம் மறைக்கும் வசதியை விருப்பத் தேர்வாகத்தான் சேர்த்தார்கள். அடுத்த மாதமே தென் கொரியாவின் ஐந்து பெரிய எக்ஸ்சேஞ்சுகள் (கிரிப்டோ வாங்கி விற்கும் சந்தைகள்) லைட்காயினையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. இதைப் பார்த்த பிறகு எந்தப் பெரிய நாணயம் துணிந்து இறங்கும்?

கேள்வி: மொனேரோவை நீண்ட காலச் சேமிப்பாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: எதை வாங்கலாம் என்று இந்தப் பகுதியில் நான் சொல்வதில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். 2022 ஜூனிலிருந்து மொனேரோவில் ஒவ்வொரு பிளாக்குக்கும் (சங்கிலியில் சேரும் பரிவர்த்தனைத் தொகுப்புக்கும்) 0.6 காயின் புதிதாக வருகிறது, அது நிற்கவே நிற்காது. சங்கிலியைக் காப்பவர்களுக்குக் கூலி தொடர்ந்து கிடைக்க அப்படி வைத்திருக்கிறார்கள். உச்ச வரம்புக்காகவே பிட்காயினைத் தேடுகிறவருக்கும் இதற்கும் ஒத்துப்போகாது.

கேள்வி: குற்றவாளிகளுக்குத்தானே இதனால் லாபம்?

பதில்: அவர்களுக்கும் லாபம் உண்டு. 2017இல் கணினிகளை முடக்கிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸை ஏவியவர்கள் பிட்காயினில் பணயத் தொகை வாங்கி, பிறகு மொனேரோவாக மாற்றினார்கள். மறுபக்கம், 2016இல் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் திருடுபோன ஏறக்குறைய 1,20,000 பிட்காயினில் 94,000க்கும் மேல் 2022இல் அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றினார்கள். அதற்குத் திறந்த பதிவேடு பெரிதும் உதவியது. அந்தப் பலனை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அதே பதிவேட்டைத் திருடனும் படிக்கிறான். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்க அது அவனுக்கும் வசதி. தணிக்கைக்கு வழியே இல்லை என்பதும் சரியில்லை. மொனேரோவில் வியூ கீ என்ற சாவியை ஒரு தணிக்கையாளரிடம் கொடுத்தால் நமக்கு வந்த பணத்தை அவர் பார்க்கலாம், செலவழிக்க முடியாது. ஸீகேஷிலும் இப்படிப்பட்ட சாவி உண்டு. யாருக்குக் காட்டுவது என்பதை நாணயத்தின் சொந்தக்காரர் முடிவு செய்கிறார், அவ்வளவுதான்.

கேள்வி: எக்ஸ்சேஞ்சுகள் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால் எப்படித் துணையாக இருக்க முடியும்?

பதில்: 2024 பிப்ரவரியில் பைனான்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் மொனேரோவை நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதி 2027 ஜூலையிலிருந்து கிரிப்டோ சேவை நிறுவனங்கள் இந்த வகை நாணயங்களைக் கையாளத் தடை போடுகிறது. கவலைப்பட வேண்டிய நிலைதான். சாவியைக் கொடுத்துக் கணக்குக் காட்டத் தயாராக இருப்பவரையும் திருடனையும் அந்த விதி ஒரே வரிசையில் நிறுத்துகிறது. அது தவறு என்றே நினைக்கிறேன்.

2021இலிருந்து பிட்காயினுக்கும் மொனேரோவுக்கும் இடையே அணு மாற்று முறை வேலை செய்கிறது. நடுவில் எக்ஸ்சேஞ்ச் கிடையாது. ஒருவர் பிட்காயினைப் பூட்டி வைக்கிறார், மற்றவர் மொனேரோவைப் பூட்டுகிறார். பூட்டைத் திறந்து ஒருவர் தன் பங்கை எடுக்கும் செயலே மற்றவருக்கான சாவியைக் கொடுத்துவிடும். பாதியில் யாராவது விலகினால் பணம் திரும்பி வருவதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு இது மெதுவானது, புதியவர்களுக்குக் கொஞ்சம் மிரட்சியாகவும் இருக்கும். இரண்டு தரப்பு நிரலாளர்களும் சேர்ந்து, சாதாரண வாலட்டில் ஒரே பொத்தானில் இது நடக்கும்படி செய்ய வேண்டும். சேமிப்பு பிட்காயினில் இருக்கலாம், செலவுக்கு வேண்டியதை மட்டும் மொனேரோவாக மாற்றிக்கொள்ளலாம்.