மரீனோ மரீனியின் கல்லச்சுகள்: சேகரிப்போரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மரீனி இத்தாலியச் சிற்பி அல்லவா? அவருடைய லித்தோகிராஃப்களை, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்சிட்ட கல்லச்சுகளை, சிற்பங்களின் நிழல் என்றுதான் கொள்ள வேண்டுமா?

பதில்: அவ்வாறு கொள்வது பெரும் பிழை. 1901இல் பிஸ்டோயாவில் பிறந்து, 1952ஆம் ஆண்டு வெனிஸ் பியனாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் சிற்பத்துக்கான பெரும்பரிசைப் பெற்ற மரீனி, வாழ்நாள் முழுவதும் ஓவியராகவும் இருந்தார். 1930களில் அமைதியாக நின்ற அவருடைய குதிரையும் வீரனும், போருக்குப் பின் வந்த படைப்புகளில் நிலைகுலைந்து சரிகின்றன. வெண்கலத்தில் நெடுநாள் உழைப்பைக் கேட்கும் அந்தச் சரிவை, கல்லின்மேல் தடித்த கிரேயானால் இழுத்த ஒரு கோடு ஒரே வீச்சில் காட்டிவிடுகிறது. அந்தக் கோட்டுக்காகவே நான் இவற்றைச் சேகரிக்கிறேன்.

கேள்வி: அசல் கல்லச்சை, இயந்திரத்தில் அச்சடித்த ஆஃப்செட் நகலிலிருந்து பிரித்தறிவது எப்படி?

பதில்: பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும். ஆஃப்செட் நகலில் வண்ணங்கள் வரிசை தவறாத நுண்புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். கல்லச்சிலோ, எண்ணெய்ப் பசையுள்ள கிரேயான் கல்லின் சொரசொரப்பில் பதிந்த விதத்துக்கேற்ப, ஒழுங்கற்ற மணிமணியான தடம் இருக்கும். ஒவ்வொரு நிறமும் தனியே அச்சேறியதால், ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடங்களில் மை சற்றுக் கனத்திருக்கும். செப்புத்தகட்டு அச்சில் காணும் அமுங்கிய விளிம்பை இதில் தேட வேண்டாம்.

கேள்வி: என்னிடமுள்ள தாள் ஒரு பாரிஸ் கலை இதழுக்காக அச்சிடப்பட்டது, கையெழுத்து இல்லை. மதிப்பு உண்டா?

பதில்: உண்டு. ‘வன்த்தியெம் சியெக்ல்’ போன்ற இதழ்களுக்காக மரீனி செய்த கல்லச்சுகளும் அசலானவையே. ஆனால் அவை அதிகப் பிரதிகளில் வெளிவந்ததால் விலை குறைவு. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் இவற்றைத்தான். அத்தகைய தாளில் பின்னாளில் எவரோ பென்சிலால் ‘மரீனோ’ என்று எழுதிவிட்டு, கையொப்பமிட்ட பதிப்பின் விலைக்கு விற்க முயல்வதே அஞ்ச வேண்டிய மோசடி. மரீனியின் அச்சுப் படைப்புகளுக்குக் குவஸ்தாலா தொகுத்த முழு அட்டவணையில் தாளின் அளவு, பிரதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ‘12/50’, ‘பி.டி.ஏ.’ என்ற குறிப்புகளின் பொருள் என்ன?

பதில்: முன்னது ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது. பின்னது ‘ப்ரோவா டார்டிஸ்டா’ என்ற இத்தாலியத் தொடரின் சுருக்கம், கலைஞருக்கான பிரதி என்று பொருள். எண் சிறிதாக இருப்பதால் அச்சு சிறந்தது என்று ஆகாது.

கேள்வி: வாங்கியதைச் சுவரில் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், நேர்வெயில் படாத சுவராக இருக்கட்டும். சட்டகத்துக்குள் தாளோடு வைக்க அமிலமற்ற அட்டையையே பயன்படுத்துங்கள். சாதாரண அட்டை சில ஆண்டுகளில் தாளில் பழுப்புக் கோடு பதித்துவிடும். தாள் கண்ணாடியைத் தொடவும் கூடாது. சட்டகத்துக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்ட முன்வரும் கடைக்காரரிடம் தாளை ஒப்படைக்காதீர்கள். கையெழுத்தும் எண்ணும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன.