கழிமுகத்தில் பறவை பார்க்க எப்போது போவது?

கேள்வி: விடியற்காலையில் கழிமுகத்துக்கு நடந்து போகிறேன். சேற்றுப்பரப்பில் பறவைகள் நிறைய இருந்தும் எல்லாம் தொலைவில் புள்ளிகளாகத்தான் தெரிகின்றன. நெருங்கினால் பறந்துவிடுகின்றன. தொலைநோக்கி வாங்கினால்தான் தீருமா?

பதில்: தொலைநோக்கிக்குச் செலவழிக்கும் முன், கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பாருங்கள். விடியற்காலை என்பது காட்டுப் பறவைகளுக்கான கணக்கு. கரைப்பறவைகளின் சாப்பாட்டு நேரத்தைக் கடல்தான் தீர்மானிக்கிறது. நீர் வற்றினால் அவை புழுவும் நத்தையும் தேடி எட்டாத தொலைவுக்குப் பரவிவிடும். ஏறினால் கரைப்பக்கம் ஒதுங்கும். ஆகவே நீர் உச்சத்துக்கு ஏறும் உயர் ஓதத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே, வெயில் முதுகில் படும்படி ஓரிடத்தில் போய் நின்றுவிடுங்கள். அங்கே போய்ச் சேரும் வரைதான் நடை. அதற்குப்பின் பறவைகள்தான் உங்களிடம் வர வேண்டும்.

பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை நீர் ஏறும்; அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கழிமுகத்தின் உட்பகுதியில் கடற்கரையைவிடத் தாமதமாகவே ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் ஏறுவதால் பறவைகள் வெகு அருகில் வரும். ஆனால் சேறு முழுவதும் மூழ்கிவிட்டால் வேறிடம் தேடிப் போய்விடும்.

இரை தேடும் பறவை தலையைத் தூக்கிப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். உயர் ஓதத்தில் கூட்டமாக ஓய்வெடுப்பவற்றை எழுப்பவே கூடாது. 2022இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளம் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. தூரத்தை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் கடந்தது. அத்தகைய பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைப் பறவைகள் சேற்றில்தான் சேர்க்கின்றன. ஒரு புகைப்படத்துக்காக அதைச் செலவழிக்க வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இனம் காணும்போது நிறத்தை நம்பாதீர்கள். குளிர்காலத்தில் பாதிப் பறவைகள் சாம்பலும் பழுப்பும்தான். அலகையும் இரை தேடும் விதத்தையும் பாருங்கள். உப்புக்கொத்தி கண்ணால் தேடும். ஓடும், சட்டென நிற்கும், கொத்தும். கோட்டான் (ஆந்தையல்ல, அதே பெயருள்ள கரைப்பறவை) வளைந்த நீண்ட அலகை ஆழச் செருகித் துழாவும். கல்திருப்பி உள்ளான் கூழாங்கற்களைப் புரட்டிக்கொண்டிருக்கும்.

8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் தொடக்கத்துக்குப் போதும். முக்காலியோடு தொலைநோக்கியைப் பிறகு வாங்கலாம்.

சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். ஏறும் நீர் கண்முன் உள்ள திட்டை மூடுவதற்கு முன்பே முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஓடைகளை நிரப்பி, திரும்பும் வழியை அடைத்துவிடும்.