காரம் ஏறாமல் மிளகாயின் மணமும் நிறமும் வர என்ன செய்வது?

கேள்வி: பூண்டுக் குழம்பு, வறுவல் என்று எது செய்தாலும் மிளகாய்த்தூளைக் கூட்டினால் வாய் எரிகிறது, குறைத்தால் சப்பென்று ஆகிவிடுகிறது. நல்ல சிவப்பும் மிளகாய் மணமும் வேண்டுமென்றால் காரத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: தாங்க வேண்டியதில்லை. காரம், நிறம், மணம் மூன்றும் மிளகாயில் வெவ்வேறு பொருட்களால் வருபவை. மூன்றையும் ஒரே தூளில் தேடும்போதுதான் இந்தச் சிக்கல் வருகிறது.

காரத்துக்குக் காரணமான கேப்சைசின் விதையில் உருவாவதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய உள்நரம்பில்தான் உருவாகிறது. விதையில் படிவது அங்கிருந்து ஒட்டிக்கொண்ட காரம். நிறமோ தோலிலும் சதையிலும் இருக்கிறது. வற்றலைக் கிள்ளி, விதையை உதறி, நரம்பையும் சுரண்டி எடுத்துவிட்டால் காரம் நன்றாகக் குறையும்; சிவப்பு அப்படியே நிற்கும்.

அடுத்தது, மிளகாயைத் தேர்ந்தெடுப்பது. கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்துப் பையாடகி மிளகாய் நீளமாக, தோல் சுருங்கி இருக்கும். நிறம் கொட்டும், காரம் குறைவு. 2011-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு, அதாவது முண்டு மிளகாய்க்கு, அந்தக் குறியீடு 2023-இல் கிடைத்தது. தோல் தடித்தது, காரமும் மணமும் உள்ளது. தாளிப்பில் அதன் வாசனைக்கு ஈடு கிடையாது என்பது என் உறுதியான கருத்து. நான்கு பேருக்கான குழம்புக்கு ஆறு பையாடகி, இரண்டு குண்டு மிளகாய் என்று தொடங்குங்கள். பிறகு குண்டு மிளகாயை மட்டும் உங்கள் நாக்குக்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள்.

பையாடகியைக் கொதிநீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, சின்ன வெங்காயத்தோடு மையாக அரையுங்கள். நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம் தாளித்து, தீயைத் தணித்த பிறகு குண்டு மிளகாயைக் கிள்ளிப் போடுங்கள். முழுதாகப் போட்டால் உள்ளிருக்கும் காற்று சூடேறி வெடிக்கக்கூடும். மிளகாய் சற்று உப்பி, நிறம் ஒரு படி ஆழ்ந்ததும் பூண்டைப் போட்டு வதக்கி, அரைத்த விழுதைச் சேர்த்துவிடுங்கள். கருக்கக் கூடாது. தொண்டையைக் கமறவைக்கும் நெடி எழுந்தால் மிளகாய் தீய்கிறது என்று பொருள். அதன் கசப்பைப் புளியாலும் வெல்லத்தாலும் மறைக்க முடியாது, அந்தத் தாளிப்பைக் கொட்டிவிட்டு மறுபடி தாளிப்பதே நல்லது.

விழுது சேர்த்த பிறகு அவசரப்படாதீர்கள். நிறமும் காரமும் நீரில் அவ்வளவாகக் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். பச்சை வாசனை போய், ஓரங்களில் சிவந்த எண்ணெய் பிரியும் வரை சிறு தீயில் வதக்கினால்தான் குழம்பு முழுவதும் நிறம் இறங்கும். பலரும் இந்த இடத்தில்தான் புளிக்கரைசலை முன்கூட்டியே ஊற்றிக் கெடுக்கிறார்கள்.

தூள்தான் கையில் இருக்கிறதென்றால், வெறும் எண்ணெயில் தூவாதீர்கள், நொடியில் கருகிவிடும். வெங்காயமும் தக்காளியும் குழைந்து ஈரம் இருக்கும்போது சேருங்கள்.

அப்படியும் காரம் மிஞ்சிவிட்டால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, சுவைதான் நீர்த்துப் போகும். குழம்பில் கெட்டித் தேங்காய்ப்பால் சேருங்கள். அதிலுள்ள கொழுப்பு காரத்தை இழுத்துக்கொள்ளும். சாப்பிடும்போது எரிந்தால் தயிர் உதவும். பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் என்னும் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து அகற்றுகிறது.

வாங்கும்போது காம்போடு இருக்கும் வற்றலாகப் பாருங்கள். கையில் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். வளைத்தால் துவண்டால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். வெளிச்சம் பட்டால் சிவப்பு வெளுத்துவிடும் என்பதால் கண்ணாடிக் குப்பியை அடுப்பங்கரைச் சன்னலோரம் வைக்காதீர்கள். தூளை ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.