எந்த அணி, ஏன் அந்த அணி? வன்னி ரசிகர்களின் உதைபந்தாட்டக் கேள்விகளும் பதில்களும்

கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. அணிகளின் வரலாறு, ஒருவர் ஏன் ஒரு அணியோடு ஒட்டிக்கொள்கிறார் என்பது, இவை இரண்டும்தான் நான் பதில் சொல்லக்கூடியவை. எந்த வீரர் எந்தக் கழகத்துக்குப் போவார், வரும் சனிக்கிழமை யார் வெல்வார் என்று கேட்டால் பதில் வராது. அப்படிக் கேட்பவர்களில் சிலர் போனில் பந்தயம் கட்டத்தான் கேட்கிறார்கள். பந்தயம் கட்டாதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

தருமபுரத்திலிருந்து ஒரு தம்பி: மாஸ்ரர், எங்கள் ஊரில் முப்பது தாண்டிய அண்ணைமார் எல்லாரும் பிறேசில். அப்பாமார் ஆர்ஜென்ரீனா. எங்கள் வயதுக்காரர் பார்சிலோனா, அதோடு மறுபடியும் ஆர்ஜென்ரீனா. இது ஏன் இப்படி?

நல்ல கேள்வி, ஆறுதலாகச் சொல்கிறேன். நான் பார்த்த வரையில், எட்டு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை பார்க்கிற உலகக் கிண்ணம்தான் அவனுக்கு அணியைக் கொடுக்கிறது. அப்பாமாருக்கு அது 1986, மெக்சிகோ. மரடோனா இங்கிலாந்தை வென்ற காலிறுதி அந்த ஆண்டு ஜூன் 22இல் நடந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்புதான் போக்லண்ட் தீவுகளுக்காக இரண்டு நாடும் சண்டை பிடித்திருந்தன. பெரிய நாட்டைச் சின்ன மனிதன் ஒருவன் தனியாக வெட்டிக்கொண்டு போய்க் கோல் போட்டான் என்ற கதை, ஆட்டத்தைப் பார்க்காதவர்களையும் பிடித்துக்கொண்டது.

அண்ணைமாருக்கு அது 2002. பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ9 திறப்பு, மே மாதக் கடைசியில் கொரியாவிலும் ஜப்பானிலும் உலகக் கிண்ணம். பாதை திறந்து பொருட்கள் வரத் தொடங்கிய நேரம் அது. அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே பின்னேரம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, ஜெனரேற்றர் உள்ள வீட்டு முற்றத்தில் போய்க் குந்தலாம். படம் இழுக்கும்போதெல்லாம் ஒருவர் அன்ரெனாக் கம்பத்தைத் திருப்புவார், உள்ளே இருந்து எல்லாரும் "காணும், காணும்" என்று கத்துவார்கள். ஜூன் 30 இறுதியாட்டத்தில் ஜேர்மனிக்கு எதிராக பிறேசிலின் ரொனால்டோ 2 கோல் போட்டார். அந்தக் கிழமையே முன்நெற்றியில் மட்டும் முடி விட்டு மிச்சத்தை வழித்துக்கொண்டு பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். அவர்கள்தான் இன்றைய பிறேசில் அண்ணைமார். 2014இல் ஜேர்மனி 7-1 என்று அடித்த பிறகும் அவர்கள் மாறவில்லை.

அடுத்த ஆண்டு, 2003இல், அதே பிறேசில் அணியின் ரொனால்டீனோ பார்சிலோனாவுக்குப் போனார். அவருக்குப் பின்னால் போனவர்கள் அங்கே மெஸ்ஸியைக் கண்டார்கள். 2010இல் இங்கே பலர் மீள்குடியேறித் தறப்பாள் கொட்டில்களில் இருந்தபோது, பார்சிலோனா வீரர்களை முதுகெலும்பாகக் கொண்ட ஸ்பெயின் கிண்ணத்தை எடுத்தது. பார்சிலோனா பிடித்தது அந்த வழியால். மெஸ்ஸியைப் பிடித்தவர்கள், அவருடைய ஆர்ஜென்ரீனா கிண்ணம் எடுத்த 2022 டிசம்பரில், அப்பாமாரோடு ஒரே பக்கத்தில் வந்து நின்றார்கள். இரண்டு தலைமுறை ஒரே அணிக்குக் கத்திய வீடுகள் அன்றிரவு வன்னியில் எத்தனையோ. அதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம்.

பலர்: மெஸ்ஸியா, போர்த்துக்கல் ரொனால்டோவா?

இருவரும் ஆடிய காலத்தில் இருந்தோம், அது போதும். அடுத்தது.

ஒட்டுசுட்டானிலிருந்து: எனக்கு அணி தந்தது லண்டன் மாமா அனுப்பிய ஆர்சனல் ஜேர்சி. வேறு காரணம் இல்லை. இது உண்மையான ஆதரவா?

உண்மையானதுதான் தம்பி. வன்னியில் இங்கிலாந்து, ஜேர்மனி, பிரான்ஸ் கழகங்கள் பரவிய வழியே அதுதான். பாரிஸில் சித்தப்பா இருந்தால் ஒரு நிறம், டோர்ட்மண்டில் பெரியம்மா இருந்தால் இன்னொரு நிறம். இங்கிலாந்து ஆட்டங்களுக்கு நேரமும் உதவியது. அங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் இங்கே இரவு ஏழரை அல்லது எட்டரை, சாப்பாட்டு நேரம்.

ஆனால் ஜேர்சி கையில் இருக்கிறதென்றால் அதன் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்சனலை 1886இல் தொடங்கியவர்கள் லண்டன் வூல்விச்சில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த தொழிலாளர்கள். மார்பிலிருக்கும் பீரங்கி அங்கிருந்து வந்தது. மன்செஸ்டர் யுனைற்றட்டைத் தொடங்கியவர்கள் ரயில்வே தொழிலாளர்கள், 1878இல், நியூட்டன் ஹீத் என்ற பெயரில். இன்று கோடிக்கணக்கில் விலை பேசப்படும் கழகங்கள் வேலை முடிந்து வந்தவர்கள் உண்டாக்கியவை. உங்கள் ஊர்க் கழகமும் அப்படித்தான் உண்டானது. அதன் ஆட்டத்துக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?

முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து: லிவர்பூலை ஏன் இவ்வளவு பேர் உயிராக நினைக்கிறார்கள்? முப்பது வருடம் லீக் வெல்லாமல் இருந்த அணிதானே?

1990இலிருந்து 2020 வரை வெல்லவில்லை, உண்மை. லிவர்பூல்காரர் கட்டுண்டு நிற்பதற்குக் கிண்ணம் மட்டும் காரணம் இல்லை. 1989 ஏப்ரல் 15, ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானம், நொட்டிங்ஹாம் பொரஸ்ட்டுடன் அரையிறுதி. கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த அடைப்புக்குள் அளவுக்கு மீறிக் கூட்டத்தை விட்டார்கள். முன்னால் இரும்பு வேலி. நசிந்து இறந்தவர்கள், பின்னர் இறந்தவரையும் சேர்த்து, 97 பேர். பலர் பதின்ம வயதுப் பிள்ளைகள். பொலிஸார் குடித்த ரசிகர்கள்தான் காரணம் என்றார்கள், ஒரு பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. அந்த நகரில் இன்றும் பலர் அந்தப் பத்திரிகையைக் கையால் தொடுவதில்லை. பெற்றோரும் சகோதரரும் விடவில்லை. 27 ஆண்டு கழித்து, 2016இல், ரசிகர்கள்மீது பிழையில்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணையின் ஜூரி சபை சொன்னது. பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உண்மை கேட்பது எப்படிப்பட்டது என்று முல்லைத்தீவில் இருப்பவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வவுனியாவிலிருந்து: பார்சிலோனா ஸ்பெயினுக்குள் தனி மொழி பேசும் கற்றலான் மக்களின் அணி, றியல் மட்ரிட் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் அணி. தமிழர் மட்ரிட்டை ஆதரிப்பது எப்படிச் சரியாகும்?

பாதி சரி, பாதி சுவரொட்டி. சரியான பாதியை முதலில் சொல்கிறேன். 1925இல் பார்சிலோனா ரசிகர்கள் ஸ்பெயின் அரச கீதத்துக்கு விசிலடித்ததற்காக அவர்களுடைய மைதானத்தை ஆறு மாதம் மூட உத்தரவிட்டார்கள். கழகத்தின் தலைவர் ஜோசெப் சுன்யோலை 1936இல் பிராங்கோவின் படையினர் பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். கற்றலான் மொழி பொது இடங்களில் அடக்கப்பட்ட ஆண்டுகளில் அந்த மொழியில் வாய்விட்டுக் கத்த மைதானம் ஓர் இடமாக இருந்தது.

மற்றப் பாதி இது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மட்ரிட் நகரம் பிராங்கோவை எதிர்த்து 1939 மார்ச் வரை முற்றுகைக்குள் நின்றது. போர் தொடங்கியபோது மட்ரிட் கழகத்தின் தலைவராக இருந்த ரபாயேல் சான்செஸ் குவேர்ரா பிராங்கோவுக்கு எதிரான குடியரசுப் பக்கம் நின்றவர், அதற்காகச் சிறை போனவர். ஆகவே "மட்ரிட்காரர் எல்லாரும் அடக்குமுறைக்காரர்" என்று பக்கத்து வீட்டுப் பொடியனிடம் சொல்லாதீர்கள்.

மாங்குளத்திலிருந்து ஒரு மட்ரிட் ரசிகர்: நன்றி மாஸ்ரர். இனியாவது அவர்கள் வாயை மூடட்டும்.

அதற்காகச் சொல்லவில்லை தம்பி. 1943 கிண்ண அரையிறுதியில் பார்சிலோனா முதல் ஆட்டத்தை 3-0 என்று வென்றது. இரண்டாவது ஆட்டத்தில், மட்ரிட்டில், 11-1 என்று தோற்றது. ஆட்டத்துக்கு முன் அரச பாதுகாப்புப் பொறுப்பதிகாரி உடைமாற்றும் அறைக்கு வந்து பேசினார் என்பது பார்சிலோனா தரப்பின் நெடுநாள் முறைப்பாடு. மட்ரிட் ரசிகர் அந்த எண்ணைப் பெருமையாகச் சொல்வதைக் கேட்டால் எனக்கு மனம் நோகும். மட்ரிட்டுக்குப் பெருமை வேண்டுமென்றால் 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஐரோப்பியக் கிண்ணம் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து மறுபடி: மட்ரிட்டுக்குத்தானே பிராங்கோ உதவினார்? பார்சிலோனா அவருக்கு எதையும் கொடுக்கவில்லையே.

கொடுத்தது. 1971இலும் 1974இலும் பிராங்கோவுக்குப் பதக்கம் கொடுத்தது, 2019இல்தான் அவற்றைத் திரும்பப் பெற்றது. அதிகாரத்தின் கீழ் இருந்த கழகம் அதிகாரத்துக்குத் தலை குனிந்த நாட்களும் உண்டு. அதையும் தெரிந்துகொண்டு ஆதரித்தால் யாரும் உங்களை வாதத்தில் மடக்க முடியாது.

மல்லாவியிலிருந்து: அப்படிப் பார்த்தால் எங்கள் ஆட்கள் அத்லெற்றிக் பில்பாவோவை அல்லவா ஆதரிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். ஸ்பெயினின் வடக்கில், தனி மொழி கொண்ட பாஸ்க் மக்கள் மத்தியில் 1898இல் தொடங்கிய கழகம். நூறு ஆண்டுக்கு மேலாக, பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களையோ அங்கே ஆட்டம் பழகி வளர்ந்தவர்களையோ மட்டுமே ஆடவிடுகிறார்கள். உலகம் முழுக்க வீரர்களை விலைக்கு வாங்கும் காலத்தில், சொந்தப் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பெயினின் முதற்பிரிவிலிருந்து ஒருமுறைகூட இறங்கவில்லை. அப்படி இறங்காத மற்ற இரண்டு பேர் மட்ரிட்டும் பார்சிலோனாவும்தான். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் பயிற்றுவிப்பவர்கள் படிக்கவேண்டிய கழகம் இது. கிளிநொச்சிக் கடையில் அவர்களுடைய ஜேர்சி கிடைக்காது என்பதுதான் குறை.

பெயர் சொல்லாதவர்: விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்.

கிளாஸ்கோவின் செல்ரிக் கழகத்தை 1887இல் ஐரிஷ் துறவி ஒருவர் தொடங்கியது, பசியோடிருந்த குடியேறிகளின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டுவதற்கு. 80 ஆண்டு கழித்து, 1967இல், கிளாஸ்கோவிலும் அதைச் சுற்றியும் பிறந்த பதினொரு பேரோடு அது ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. இதிலிருந்து எதை வெட்டி எறியச் சொல்கிறீர்கள்? கலக்கக்கூடாதது பகை. அதில் உங்களோடு நிற்கிறேன்.

பார்சிலோனா, மட்ரிட் பற்றி மேலும் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. மேலே சொன்னவற்றைப் படியுங்கள், திரும்ப எழுத மாட்டேன்.

பரந்தனிலிருந்து: மாஸ்ரர், இந்தக் கிழமை லிவர்பூலா சிற்றியா? சும்மா அறியத்தான்.

மேலே சொல்லிவிட்டேன். பந்தயம் வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்: மாஸ்ரர், மகன் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன். அவனுடைய அணி தோற்றால் சாப்பிடமாட்டான், ஒருவரோடும் கதைக்கமாட்டான். இது வருத்தமா?

இல்லை அம்மா, வருத்தம் இல்லை. தன்னைவிடப் பெரிய ஒன்றோடு தன்னைச் சேர்த்துக்கொள்ளப் பிள்ளை பழகுகிறான். "பந்துக்கா இந்த அழுகை" என்று மட்டும் சிரித்துவிடாதீர்கள். எப்படித் தோற்றது என்று கேளுங்கள், அவனே சொல்லத் தொடங்குவான், சொல்லி முடிக்கும்போது பசிக்கும். நேரத்தில் கண்டிப்பாக இருங்கள். ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோ தொடங்குகின்றன. பரீட்சை முடியும்வரை காலையில் கோல்களை மட்டும் பார்க்கட்டும். இன்னொன்று. கவலை ஒரு நாளைத் தாண்டி நீண்டாலோ, போனை ஒளித்தாலோ, காசு வைத்திருக்கிறானா என்று மெதுவாக விசாரியுங்கள். அணி தோற்ற கவலை அடுத்த ஆட்டத்தோடு போய்விடும். கடன் பட்ட பயம் போகாது.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மாணவி: நான் உதைபந்தாட்டம் பார்க்கிறேன் என்றால் அண்ணாவின் நண்பர்கள் "ஓஃப்சைட் என்றால் என்ன, சொல்லு பார்ப்பம்" என்கிறார்கள்.

சொல்லிவிட்டு, 1920 டிசம்பர் 26 பற்றி அவர்களிடம் கேளுங்கள் பிள்ளை. லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டம் ஒன்றைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. சுமார் 50 ஆண்டு அது நீடித்தது. கூட்டம் வராததால் தடை வரவில்லை, வந்த பிறகுதான் வந்தது. 2022இல் பார்சிலோனாப் பெண்கள் அணியைப் பார்க்க 91,648 பேர் வந்தார்கள். இங்கே வடக்கில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அணியின் பெயர் நாடு முழுக்கத் தெரியும். உங்கள் பாடசாலையில் அணி இல்லையென்றால் விளையாட்டு ஆசிரியரிடம் கேளுங்கள், பத்துப் பேரோடு சேர்ந்து போய்க் கேளுங்கள்.

துணுக்காயிலிருந்து: வெல்லும் அணியைப் பார்த்துப் பிடிப்பவர்கள் ரசிகர்களா?

மனிதர் எல்லாரிடமும் உள்ள குணம் அது. 1976இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக ரொபேர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளர் பல்கலைக்கழகங்களில் எண்ணிப் பார்த்தார். தங்கள் அணி வென்ற வார இறுதிக்கு அடுத்த திங்கட்கிழமை, பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடுப்போடு வருபவர்கள் கூடினார்கள். வெற்றியில் வந்து சேர்ந்தால் பிழையில்லை. தோல்வியில் ஜேர்சியைக் கழற்றாமல் இருந்தால் ரசிகர்.

பலர்: மெஸ்ஸியா ரொனால்டோவா?

மேலே.

செட்டிகுளத்திலிருந்து: இலங்கை அணியை ஏன் ஒருவரும் ஆதரிப்பதில்லை?

பார்க்கக் கிடைத்தால்தானே ஆதரிப்பது. 1995இல் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற நாடு இது. இன்று உலகத் தரவரிசையின் அடிப்பக்கத்தில் நிற்கிறது, 2023இல் பல மாதம் பீபா தடையும் இருந்தது. மன்னார், யாழ்ப்பாணப் பிள்ளைகள் அந்த அணியில் ஆடியிருக்கிறார்கள். அவர்களை உருவாக்கிய மைதானங்கள் நமக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

விசுவமடுவிலிருந்து: எங்கள் ஊர்க் கழகத்தில் நன்றாக ஆடியவர்கள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள். எப்படி ஆதரிப்பது?

இன்றைக்கு எனக்குப் பிடித்த கேள்வி இது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போங்கள். சுண்ணாம்புக் கோடு போட ஆள் தேவைப்படும். கோல் கம்பத்துக்கு வலை இல்லையென்றால் கரையோரத்தில் கழித்த மீன்வலை கேட்டு வாங்கலாம், அடிப்பக்கத்தைக் கல் வைத்து அழுத்துங்கள், இல்லாவிட்டால் பந்து கீழால் போய் கோலா இல்லையா என்று சண்டை வரும். இடைவேளைக்குத் தண்ணீரும் தேசிக்காயும் கொண்டு போங்கள். வெளிநாடு போன பழைய வீரர்களிடம் காசு கேட்பதென்றால் பொதுவாகக் கேட்காதீர்கள், "15 வயதுக்குட்பட்ட அணிக்கு நான்கு பந்து" என்று கேளுங்கள், பந்து வாங்கிய பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். சின்னவர்கள் ஆடும் நாளிலும் கோட்டுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தங்களைப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த கிழமை பயிற்சிக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் வருவார்கள்.